குட்டி நாட்டில் யாருக்கு எந்த வேலை?

(திருமானூரில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் தெருவில் மாலை நேர வகுப்பு ஒன்று நடத்துகிறேன். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். ஒருநாள் கரண்ட் போய்விட்டது. சும்மா உட்கார வைக்க முடியாதே என்று ஒரு விளையாட்டு வைத்தேன். "நாமெல்லாம் சேர்ந்து புதுசா ஒரு குட்டி நாடு உண்டாக்குவோம். மூவாயிரம் பேர்தான் இருக்காங்க. அந்த நாட்டுல என்னென்ன அரசாங்க வேலை வேணும், அதுக்கு யார் யார் வரலாம், எழுதுங்க" என்றேன்.

நன்றாகவே எழுதினார்கள். ஜனாதிபதி, ராணுவத் தளபதி, டாக்டர், டீச்சர், நீதிபதி, கிரிக்கெட் மந்திரிகூட வந்துவிட்டார். ஜனாதிபதிக்கு என்ன தகுதி என்று கேட்டால், "நல்லா படிச்சவங்க யார் வேணாலும்" என்றார்கள். டாக்டருக்கு, "பரீட்சை பாஸ் பண்ணவங்க." ஒரு பையன் கடைசி வரியில் "சாக்கடை அள்ளுறவர்" என்று எழுதியிருந்தான். யார் வரலாம் என்ற இடத்தில் "காலனிக்காரங்க" என்று இருந்தது.

அவனும் காலனிப் பையன்தான்.

நான் அவனைத் திட்டவில்லை. அவன் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினான். கற்பனையாக ஒரு நாட்டை உண்டாக்கும்போதுகூட ஜனாதிபதி பதவிக்குச் சாதி தேவைப்படவில்லை, சாக்கடைக்குத் தேவைப்பட்டது. இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். ஊர் என்பதே நமக்குத் தெரிந்த முதல் குட்டி நாடு. அந்த நாட்டில் எந்தப் பதவி யாருக்குத் திறந்திருக்கிறது?

முதலில் என் தாத்தாவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் கொள்ளிடக் கரையில் ஒரு கிராமத்தில் வெட்டியான். கணக்குப்பிள்ளையின் கணக்குக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு பின்னால் நடப்பார். நிலம் அளக்கச் சங்கிலி பிடிப்பார். தண்டோரா போடுவார். யார் வீட்டில் இழவு விழுந்தாலும் சுற்றுப்பட்ட ஊர்களுக்குச் சேதி சொல்லி ஓடுவார், சுடுகாட்டில் குழியும் வெட்டுவார். கூலி, களத்தில் அளந்து போடுகிற நெல். கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று "ஆண்டே" என்று கூப்பிட வேண்டும். கணக்குப்பிள்ளை வீட்டுப் பத்து வயசுப் பையன் தாத்தாவைப் "டேய்" என்பான்.

தாத்தா வேடிக்கையாகச் சொல்வார்: "நம்மது பரம்பரை அரசாங்க உத்தியோகம், தெரியுமா?" சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அது வேடிக்கை இல்லை, உண்மை. கணக்குப்பிள்ளை பதவியும் பரம்பரை, வெட்டியான் பதவியும் பரம்பரை. ஒரே ஒரு வித்தியாசம்தான். கணக்குப்பிள்ளை பதவிக்கு அண்ணன் தம்பிக்குள் கோர்ட் வரைக்கும் வழக்கு போகும். என் தாத்தாவின் பதவிக்கு யாரும் போட்டிக்கு வந்ததில்லை.

இந்தப் பரம்பரைக்குச் சட்டமே இருந்தது. சென்னை மாகாணப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம், 1895. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950இல். அதன் 16ஆவது பிரிவு, அரசு வேலையில் சாதி, மதம், பால், வம்சாவளி, பிறந்த இடம் போன்ற காரணங்களால் மட்டுமே யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. "வம்சாவளி" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த ஒரு சொல் கிராமத்துக்கு வந்து சேரப் பத்தாண்டு ஆனது. ஆந்திரத்தில் ஒரு கிராம முன்சீப் பதவி தொடர்பான வழக்கில், இந்த 1895 சட்டத்தின் பரம்பரைப் பிரிவு செல்லாது என்று 1960இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1968இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. ஆனாலும் நாற்காலி அதே வீடுகளைச் சுற்றித்தான் வந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டுக் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகளை ஒழித்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் எதிர்த்தார்கள். 1982இல் ஒழிப்பு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் தேர்வு எழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர், நாம் வி.ஏ.ஓ. என்று சொல்கிறோமே, அவர் வந்தார்.

இன்றைக்குச் சாதிச் சான்றிதழுக்காக வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போய் நிற்கிறோம். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் நம் தெருப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கலாம். என் தாத்தா காலத்தில் அப்படி ஒரு காட்சியைக் கனவிலும் பார்த்திருக்க முடியாது. ஆக, சட்டம் ஒன்றும் செய்யாது என்று சலித்துக்கொள்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சட்டம் செய்திருக்கிறது. தானாகச் செய்யவில்லை, போராடியதால் செய்தது. மகாராட்டிரத்தில் மகர் மக்கள் செய்துவந்த இதே மாதிரியான பரம்பரை ஊர் ஊழியத்தை மாற்ற 1928லேயே பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார் அம்பேத்கர். மானியம் என்று கொடுக்கப்படும் துண்டு நிலம்தான் ஊர் முழுவதற்கும் ஆளை அடிமையாக்கும் கயிறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் வகுப்புவாரி ஆணை பிறந்தது. 1920களின் கடைசியில், முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோதுதான் அது உண்மையில் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு இடங்களில் பார்ப்பனர் அல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனர்களுக்கு 2, இசுலாமியர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. இந்தக் கணக்கைப் பார்த்தால் நமக்குக் கிடைத்தது கடைசி ஒன்று. குறைதான். ஆனால் அரசாங்க வேலை என்பது படித்தவரின் சொத்து அல்ல, குடிமக்களின் பங்கு என்ற எண்ணம் அங்கேதான் ஆணையாக எழுதப்பட்டது. 1951இல் அந்த ஆணையை நீதிமன்றம் செல்லாது என்றபோது, தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சிதான் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு ஒரு காரணம்.

சரி, "தகுதி" என்று ஒன்று சொல்வார்களே, அதற்கு வருகிறேன்.

நம் பள்ளிப் பாடத்தில் குடவோலை முறை வரும். உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. ஆயிரம் வருடத்துக்கு முன்பே தமிழன் தேர்தல் நடத்தினான் என்று பெருமையாகச் சொல்வார்கள். முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது, அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது என்றெல்லாம் விதி. இதில் பல விதிகள் இன்றைக்கும் தேவைதான், மறுக்கவில்லை.

ஆனால் யார் நிற்கலாம் என்ற பகுதியை ஆசிரியர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள். வரி கட்டுகிற நிலம் கால்வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலம், பார்ப்பனர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அந்த ஊர் வயலில் உழுதவர்கள், வாய்க்கால் வெட்டியவர்கள், செத்த மாட்டைத் தூக்கியவர்கள் எவர் பெயரும் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. பெண்கள் பெயரும் விழுந்திருக்காது.

ஒரு சின்ன விஷயம் அதில் இருக்கிறது. ஒரு வேதமும் ஒரு பாடியமும் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலி நிலம் இருந்தாலே போதும் என்று சலுகையும் உண்டு. அப்படியானால் சலுகை என்பது இடஒதுக்கீட்டோடு வந்தது இல்லை, நண்பர்களே. அது அன்றைக்கே இருந்தது. யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவர்கள் தங்கள் கையில் இருப்பதையே "தகுதி" என்று எழுதிவைப்பார்கள். அன்றைக்கு வேதம் என்று எழுதினார்கள். இன்றைக்கு வேறு வேறு பெயர்களில் எழுதுகிறார்கள்.

இதை எல்லாம் தெரிந்துதான் 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தை அரசமைப்பின் அடிப்படை அலகாக வைக்காமல் தனிமனிதரை வைத்ததில் மகிழ்ச்சி என்று பேசினார். கிராமத்தைப் போற்றிப் பாடியவர்களுக்கு அது கசந்தது. கிராமம் என்ற குட்டி நாட்டில் எல்லைச்சாமி முதல் கிணறு வரைக்கும் எல்லாம் ஒரு பக்கத்தாருடையது என்பது அவருக்குத் தெரியும். அந்த நாட்டில் நாம் குடிமக்கள் அல்ல, குடியூழியக்காரர்கள்.

அதே கிராமத்துக்கு 1993இல் 73ஆவது திருத்தம் அதிகாரம் கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல். தமிழ்நாட்டு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. 1996 அக்டோபரில் முதல் தேர்தல். பெண்கள் பங்கு 2016இல் பாதியாக உயர்ந்தது.

என்ன நடந்தது? மதுரை மாவட்டம் மேலவளவு, தலித் தொகுதியாக ஒதுக்கப்பட்டது. முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவரை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அவரோடு சேர்த்து ஆறு பேர். அவர் செய்த குற்றம், நாற்காலியில் உட்கார்ந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டு தலைவர் இல்லை. வேட்புமனுவே வராது. வந்தாலும் ஊரார் ஒருவரை நிறுத்தி, பதவி ஏற்ற கையோடு ராஜினாமா செய்ய வைப்பார்கள். 2006இல்தான் அங்கே தலைவர்கள் ஒழுங்காகப் பதவியில் அமர்ந்தார்கள்.

அது பழைய கதை என்பீர்கள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தலைவரான தலித் பெண் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் நம் எல்லாருடைய கைபேசிக்கும் வந்தது. 2022 ஆகஸ்டில், சுதந்திர தினத்தில் தலித் தலைவர்கள் கொடியேற்றுவதைத் தடுக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளர் இறையன்பு கடிதம் எழுத வேண்டியிருந்தது. விடுதலை பெற்று 75 ஆண்டு முடியும் நேரத்தில், ஒரு தலைவர் தன் ஊரில் கொடி ஏற்ற ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதுகிறார். அதே மாதம் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லியும் அவர் எழுதினார். அந்தச் செய்தியைப் படித்தபோது என் தாத்தாவை நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் கதை. நான் 2020 ஜனவரியில் இருந்து ஐந்தாண்டு வார்டு உறுப்பினராக இருந்தவள். எந்த ஊராட்சி என்று சொல்லப் போவதில்லை, அது தனி ஆள் பிரச்சினையாகச் சுருங்கிவிடும். முதல் கூட்டத்துக்குப் போனபோது உள்ளே நாற்காலி "பத்தல". நானும் இன்னொரு பெண் உறுப்பினரும் நின்றோம். அடுத்த கூட்டத்துக்குக் கூட்டமே இல்லை, தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வந்தது. கொண்டு வந்தவர் நல்ல மனிதர்தான். "இந்த எடத்துல ஒரு கையெழுத்து போடும்மா, வெயில்ல நீ எதுக்கு அலையணும்" என்றார். பக்கம் வெறுமையாக இருந்தது. மேலே ஒன்றும் எழுதவில்லை.

நான் போடவில்லை. "எழுதிட்டு வாங்கண்ணே, படிச்சுட்டுப் போடுறேன்" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அடுத்த போகத்துக்கு என் வீட்டுக்காரர் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்த நிலம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. யாரும் மிரட்டவில்லை, ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. "இந்த வருசம் நாங்களே பாத்துக்கிறோம்" என்றார்கள். என் மாமியார் மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவங்க கோபத்தில் நியாயம் இருந்தது, அந்த நெல்தான் எங்கள் வீட்டுச் சோறு.

ஐந்தாண்டில் நான் சாதித்தது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் மயானப் பாதைக்கு நாலு விளக்கு வந்தது. மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு டார்ச் அடித்துப் போன தெரு நாங்கள். அந்த நாலு விளக்கும் எரிகிற இரவில், நான் கையெழுத்து போடாத அந்த வெற்றுப் பக்கம் ஞாபகம் வரும்.

இதனால் தெரிந்துகொண்டது என்ன? ஒரு பதவி திறந்திருக்கிறது என்றால் மூன்று கதவுகள் திறக்க வேண்டும். முதல் கதவு, சட்டம்: நீ நிற்கலாம் என்பது. இரண்டாவது, நாற்காலி: நீ உட்காரலாம் என்பது. மூன்றாவது, வேலை: நீ முடிவெடுக்கலாம் என்பது. தலைவருக்கே இந்த மூன்றாவது கதவு பல ஊர்களில் மூடியிருக்கிறது. ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவி ஒதுக்கீட்டில் வரும், துணைத்தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். துணைத்தலைவர் பேனாவை மூடிவைத்தால் தலைவர் நாற்காலி வெறும் பிளாஸ்டிக்தான்.

"அவங்களுக்கு நிர்வாகம் தெரியாது, புருசன்தான் பார்க்கிறான், பினாமிதான்" என்று பேசுகிறவர்கள் உண்டு. பினாமி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பினாமியை உண்டாக்கியது யார்? நிலம் கையில் வைத்திருக்கிறவர்தான் கையெழுத்தையும் வாங்குகிறார். பொதுத் தொகுதிகளில் தலைவர் பதவியைக் கோயிலுக்குப் பணம் கட்டுகிறவருக்கு ஏலம் விட்டார்களே, 2019இலும் செய்தி வந்ததே, அப்போது தகுதியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு பக்கமும் பாருங்கள். நம் ஊராட்சியில் தூய்மைக் காவலர் வேலைக்கு யார் யார் இருக்கிறார்கள்? டேங்க் ஆபரேட்டர் யார்? சத்துணவு சமைக்கிறவர் யார்? 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியை மறித்தார்கள். அவரை இடமாற்றமும் செய்தார்கள். போராட்டம் வெடித்த பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. சோற்றைத் தொடக்கூடாது என்ற அதே கை, குப்பையைத் தொட்டால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. குப்பை வேலைக்கு இடஒதுக்கீட்டை எதிர்த்து எந்தக் கோர்ட்டிலும் யாரும் வழக்குப் போடவில்லை. எல்லாப் பதவியும் எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், மேலே உள்ள பதவிக்கு நாம் போனால் மட்டும் போதாது. கீழே என்று வைத்திருக்கிற வேலைக்குக் கௌரவமான சம்பளமும் இயந்திரமும் நிரந்தரமும் வந்து, எல்லாச் சாதிக்காரரும் அதற்கு மனுப்போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் உங்களைத் தேடி வந்தேன்.

2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மூன்றாண்டு தனி அலுவலர்கள் ஆட்சி. இந்தத் திருமானூரில் கொள்ளிடத்து மணல் குவாரியை எதிர்த்து 2018இல் மக்கள் தெருவுக்கு வந்தார்களே, அப்போது நம் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர்கூட இல்லை. ஆற்றைப் பற்றிக் கேட்க வேண்டிய நாற்காலி காலியாக இருந்தது. பிறகு 2025 ஜனவரி 5ஆம் நாள், நம் அரியலூர் உட்பட 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தது. என் பதவியும் அன்றைக்குத்தான் முடிந்தது. மறுபடி தனி அலுவலர்கள். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று 243உ பிரிவு சொல்கிறது. கட்சிகள் மாறி மாறிக் காரணம் சொன்னார்கள்.

தேர்தல் தள்ளிப்போனால் பணம் உள்ளவருக்கு என்ன நட்டம்? அவர் அதிகாரியை நேரே பார்ப்பார், எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போவார். அவருக்கு வேறு வழிகள் உண்டு. அந்த ஒதுக்கப்பட்ட நாற்காலி ஒன்றைத் தவிர வேறு வழியே இல்லாதவர்களுக்குத்தான் முழு நட்டம். தேர்தல் இல்லாத ஊராட்சியில் இடஒதுக்கீடும் இல்லை. மேலவளவில் அரிவாளால் செய்ததை இங்கே கோப்பால் செய்துவிட முடிகிறது, ரத்தம் தெரிவதில்லை.

அதனால் நான் கேட்பது மூன்றுதான்.

ஒன்று, கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்துக்கு ஆறு நாள். பதினெட்டு வயது முடிந்து வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் உறுப்பினர். யாரும் நியமிக்க வேண்டாம், யாரும் நீக்கவும் முடியாது. தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தை எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்த வேண்டும் என்று தீர்மானம் கொடுங்கள்.

இரண்டு, தேர்தல் வந்தால் நில்லுங்கள். 21 வயது போதும். 2019இல் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு 100. பொதுத் தொகுதியிலும் நில்லுங்கள், ஒதுக்கீட்டில் மட்டும்தான் நமக்கு இடம் என்று யார் சொன்னது? டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகளே, நீங்கள் படியுங்கள், வேலைக்குப் போங்கள். போன பிறகு மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவரை உட்காரச் சொல்லுங்கள்.

மூன்று, ஆதிக்கச் சாதியில் பிறந்த தோழர்களுக்கு. இங்கே சிலர் வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்து பேசுவதைவிட, உங்கள் வீட்டுத் திண்ணையில் பேசுவது கடினமான வேலை. அதைச் செய்யுங்கள். கூட்டத்தில் ஒரு பெண் நிற்கிறாள் என்றால், நீங்களும் எழுந்து நில்லுங்கள். எனக்கு அன்றைக்கு அப்படி ஒருவர் எழுந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேனே. கரண்ட் வந்த பிறகு அவன் நோட்டை வாங்கி, "காலனிக்காரங்க" என்று எழுதியிருந்ததைக் காட்டி, "இது எதுக்குடா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அக்கா, அப்ப நம்ம நாட்டுல சாக்கடைய யாரு அள்ளுவாங்க?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அவனுக்கு நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை அவன் கண்ணால் பார்க்கிற மாதிரி நம் ஊரில் செய்து காட்டுவோம், வாருங்கள்.